ஒரு வீடும் இருபது பிள்ளைகளும்: அரசோடு சேர்ந்து குழந்தைகள் இல்லம் தொடங்கலாமா?

#1 – கொடைரோடு வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அறக்கட்டளை ஒன்று பதிவு செய்திருக்கிறோம். ஊர்க்காரர் ஒருவர் தன் மாடி வீட்டை அறக்கட்டளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருபது பேரைத் தங்க வைத்துப் படிக்க வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. சமையலுக்கு ஆள் இருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுக்க நாங்களே இருக்கிறோம்.

"முதலில் பிள்ளைகளைக் கொண்டுவந்து வையுங்கள், பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் ஒருவர். "குழந்தைகள் உதவி எண் 1098-ஐயே அரசாங்கம் எடுத்துக்கொண்டது, இனி தனியாருக்கு இதில் என்ன வேலை?" என்கிறார் இன்னொருவர். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். எங்கே தொடங்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

#2 – சேது வக்கீல்

ஐயா, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவரின் பேச்சை மட்டும் கேட்டுவிடாதீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 41-ஆவது பிரிவுப்படி, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்க வைக்கும் எந்த இல்லமும் பதிவு செய்தே ஆக வேண்டும். அரசு இல்லம், தனியார் இல்லம் என்ற வேறுபாடு இல்லை. அரசிடம் பணம் வாங்காமல் சொந்தக் காசில் நடத்தினாலும் அதேதான். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

அதைவிட முக்கியம், எந்தப் பிள்ளையை எங்கே வைப்பது என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. ஆதரவற்ற குழந்தை யார் கையில் கிடைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டுக்கு உரிய அதிகாரம் உண்டு. அவர்கள் எழுத்தில் உத்தரவு போட்டால்தான் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வர முடியும்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் நம் மாநிலத்துக் கதையே இருக்கிறது. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக வந்த செய்தியை வைத்துத் தொடங்கிய வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் பத்து ஆண்டுகள் நடந்தது. 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டில் உள்ள எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது.

#3 – மலர்விழி (முன்பு 1098 களப்பணி)

1098 பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் களத் திட்டமாகத் தொடங்கியது அது. பிறகு மத்திய அரசின் பணத்தில், சைல்ட்லைன் இந்தியா ஃபவுண்டேஷன் தலைமையில், ஊருக்கு ஊர் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. அழைப்பு வந்தால் 60 நிமிடத்துக்குள் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது எங்களுக்கு இருந்த விதி. நள்ளிரவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறோம். குழந்தைத் திருமணம் என்று தகவல் வந்து, மாலை மாற்றுவதற்குள் மண்டபத்துக்குப் போயிருக்கிறோம்.

2023-இல் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் அந்த எண் மாநில அரசுகளின் கைக்குப் போனது. 112 அவசர எண்ணோடும் இணைத்துவிட்டார்கள். இப்போது அழைப்பு மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் இருக்கும் உதவி மையத்துக்கு வருகிறது.

போலீஸ் உடனே வருகிறது என்பது நல்ல மாற்றம்தான், மறுக்க மாட்டேன். முன்பு நாங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கும். ஆனால் ஊர் தெரிந்த ஆட்களை இழந்தோம். எந்தச் செங்கல் சூளையில் எந்த மாதம் வெளியூர்க் குடும்பங்கள் வந்து இறங்கும், ரயில் நிலையத்தில் எந்த டீக்கடைக்காரர் தனியாக நிற்கும் பையனைப் பார்த்ததும் நமக்கு போன் போடுவார் என்பதெல்லாம் எந்த ஃபைலிலும் இல்லை. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எண்ணை அரசு எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. இத்தனை ஆண்டு சேர்த்த பழக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடும் செய்யவில்லையே என்பதுதான் வருத்தம்.

#4 – செல்வி_தெற்கு

மலர் அக்கா சொல்வது உண்மை. நான் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். மாவட்டத்தைச் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

வாத்தியார் ஐயா, உங்களைப் போன்றவர்கள் எங்களுக்குத் தேவை. ஆனால் புதிய இல்லம் தேவையா என்று கேட்டால், தயங்கித்தான் பதில் சொல்வேன். மத்திய அரசு நாடு முழுவதும் எடுத்து 2018-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 9,589 இல்லங்கள் இருந்தன. அவற்றில் 91 விழுக்காடு தொண்டு நிறுவனங்கள் நடத்தியவை. எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இல்லங்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

எங்களுக்கு எதில் பஞ்சம் என்றால், வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத ஆள் இல்லை. ஒரு பிள்ளை நலக் குழு முன்னால் வந்தால் சமூக விசாரணை அறிக்கை 15 நாளுக்குள் வர வேண்டும். தாய் எங்கே, தாய்மாமன் பொறுப்பு எடுப்பாரா, வீட்டில் குடிப்பழக்கம் உண்டா என்று விசாரித்து எழுத வேண்டும். அரைப் பக்கத்தில் அவசரமாக எழுதினால் பிள்ளை இல்லத்துக்குப் போகும். பொறுமையாக விசாரித்தால் பல பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கே போக முடியும். மனநல ஆலோசகர் கிடைப்பதில்லை. மீட்கப்படும் வடமாநிலப் பிள்ளைகளிடம் ஒடியாவிலோ வங்காளத்திலோ பேச ஆள் தேடி அலைகிறோம். சைகை மொழி தெரிந்தவர் வேண்டும் என்றால் பக்கத்து மாவட்டத்துக்கு போன் போட வேண்டும். இந்த வேலைகளில் தொண்டு நிறுவனங்கள் வந்து கைகொடுத்தால் கும்பிட்டு வரவேற்போம்.

#5 – இல்லத்துப் பையன்

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை நான் இல்லத்தில் வளர்ந்தேன். எந்த இல்லம் என்று சொல்ல விரும்பவில்லை. அடி உதை எதுவும் இல்லை. சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள். அந்த நன்றி இருக்கிறது.

ஆனால் எனக்கு அம்மா இருந்தாங்க. அப்பா இறந்ததும் அம்மாவால் மூன்று பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. "அங்க விட்டா படிப்பு நல்லா இருக்கும், மூணு வேளை சாப்பாடு" என்று யாரோ சொன்னதால் என்னைக் கொண்டுவந்து விட்டாங்க. என்னோடு இருந்தவர்களில் நிறையப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள். அநாதை என்று பேர், ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போவோம்.

என்னை இல்லத்தில் வைத்துப் பார்க்க மாதம் ஆன செலவில் பாதியை என் அம்மா கையில் கொடுத்திருந்தால் நான் என் தங்கைகளோடு வளர்ந்திருப்பேன். இன்றைக்கு அவர்கள் என்னிடம் விருந்தாளியிடம் பேசுவது போல் பேசுகிறார்கள்.

வாத்தியார் ஐயா, உங்கள் மனசு நல்ல மனசு. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

#6 – கொடைரோடு வாத்தியார்

தம்பி, படித்துவிட்டு நேற்று முழுக்க எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் எழுதியதற்கு நன்றி.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். நிஜமாகவே யாரும் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்களே? அவர்களுக்கு இல்லம்தானே கதி? அரசு இல்லத்தைவிட எங்களைப் போன்றவர்கள் அன்பாகப் பார்த்துக்கொள்வோம் என்று நம்புகிறேன்.

#7 – சேது வக்கீல்

ஐயா, அரசு என்றால் கொடுமை, தனியார் என்றால் அன்பு என்று பிரிக்க முடியாது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் பட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில் அரசே நடத்தும் சிறார் இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான். ஊழியர்கள் கைதானார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மதுரையில் ஒரு தனியார் காப்பகம், கைக்குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் தயாரித்து, அந்தக் குழந்தையைப் பணத்துக்கு விற்றதாக வழக்கு வந்தது.

இவை இரண்டையும்விட நான் அடிக்கடி நினைப்பது பீகாரின் முசாபர்பூர். அரசுப் பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறுமியர் இல்லம் அது. நாம் இங்கே பேசும் "கூட்டுச் செயல்பாடு" காகிதத்தில் முழுமையாக இருந்த இடம். டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் குழு வெளியிலிருந்து வந்து சமூகத் தணிக்கை செய்து, பிள்ளைகளிடம் தனியாகப் பேசியது. 2018-இல் அதன் அறிக்கை வந்தபோதுதான் உள்ளே நடந்த பாலியல் வன்முறை வெளியே வந்தது. 2020-இல் டெல்லி நீதிமன்றம் தண்டித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். இல்லத்தை நடத்தியவர் இருக்கிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும் இருக்கிறார். பிள்ளையை அனுப்பியவர், வாங்கி வைத்தவர், மேற்பார்வை பார்க்க வேண்டியவர் மூவரும் ஒரே கூட்டில் இருந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

அரசும் தனியாரும் நெருக்கமாக வேலை செய்வது நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். நான் சொல்வது, அந்த இருவரையும் சாராத மூன்றாவது கண் ஒன்று கட்டாயம் வேண்டும். மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு இல்லத்துக்கும் போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று பேருக்குக் குறையாமல், ஒரு பெண், ஒரு மருத்துவ அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் வருகிற நாளை முன்கூட்டியே சொல்லாமல், பொறுப்பாளரை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் பேசினால் பாதிப் பிரச்சினை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுப் போவது ஆய்வு இல்லை.

#8 – நஸீர் (ஆடிட்டர்)

யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நான் வருகிறேன். சில இல்லங்களுக்குக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

மிஷன் வாத்சல்யாவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. மானியம் பெறும் இல்லத்தில் ஒரு பிள்ளையின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய். அதில் சாப்பாடு, துணி, சோப்பு, நோட்டுப் புத்தகம் எல்லாம். சமையல்காரர், காப்பாளர் சம்பளம் தனித் தலைப்பு. தொகை குறைவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைக் கேட்டால், தாமதம்தான் பெரிய கேடு. மானியம் மாதாமாதம் வருவதில்லை, தவணையாக வருகிறது. சென்ற தவணையின் செலவுச் சான்றிதழ் போய், சரிபார்த்து, மேலே போய், இறங்கி வருவதற்குள் மளிகைக் கடையில் கடன் ஏறிவிடும். காப்பாளர் சம்பளம் வராமல் போய்விடுவார். அந்த இடத்துக்கு அவசரமாக எடுக்கும் ஆளுக்குப் போலீஸ் சரிபார்ப்பு முடிந்திருக்காது. ஆபத்து நுழைவது இப்படித்தான்.

முன்பு வெளிநாட்டு நன்கொடையை வைத்து இந்த இடைவெளியைச் சமாளித்தார்கள். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பெரிய நிறுவனம் பணம் வாங்கிச் சிறிய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கும் 20 விழுக்காடுதான். சிறிய இல்லங்கள் அதில் ரொம்பவே அடிபட்டன.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கிடைக்கும் என்று சொல்வார்கள். கிடைக்கும். கூடவே பிள்ளைகள் பனியன் போட்டு பேனர் பிடித்து நிற்கும் போட்டோவும் கேட்பார்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாளுக்குச் சோறு போட வருபவர்கள் பேஸ்புக்கில் படம் போடுவதும் இதில்தான் சேரும். வாத்தியார் சார், யார் பணம் கொடுத்தாலும் இந்த ஒன்றில் வளைந்து கொடுக்காதீர்கள்.

#9 – இல்லத்துப் பையன்

நஸீர் பாய், அந்த போட்டோக்களில் சிலவற்றில் நான் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு கூடவேலை செய்யும் ஒருவர் எடுத்துக் காட்டினார். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

#10 – குகன், ஸ்கார்பரோ

தம்பி, வாசிக்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கு.

நான் கனடாவில், ஒன்ராறியோவில இருக்கிறன். இஞ்ச உள்ள ஏற்பாடு உங்களுக்குப் பிரயோசனப்படலாம் எண்டு எழுதுறன். பிள்ளைக்கு ஆபத்து எண்டு தகவல் வந்தால் விசாரிக்கிறதும், தேவையெண்டால் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறதும் சிறுவர் உதவிச் சங்கங்கள். ரொறன்ரோச் சங்கம் 1891-இல தொடங்கினது. இவை அரசுத் திணைக்களம் இல்லை. தங்களுக்கெண்டு நிர்வாக சபை வச்சிருக்கிற இலாப நோக்கற்ற அமைப்புகள். ஆனால் மாகாண அரசுதான் காசு குடுக்குது, அதிகாரத்தைச் சட்டம் குடுக்குது.

எங்கட ஆக்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பயம். பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்ட எண்ணம். கறுப்பினப் பிள்ளைகளும் பூர்வகுடிப் பிள்ளைகளும் அளவுக்கு மீறிப் பிரிக்கப்பட்ட வரலாறு இருக்கிறதால அந்தப் பயத்தை வெறும் கதை எண்டு தள்ளேலாது. அதனால தனியார் அமைப்பிடம் அதிகாரத்தையும் குடுத்தால் எல்லாம் சரிவரும் எண்டு நான் சொல்ல மாட்டன். பொறுப்பு ஆருடையது எண்டு சட்டத்தில தெளிவா எழுதியிருக்கிறது மட்டும் நல்லது. பிழை நடந்தால் ஆரைக் கேக்கிறது எண்டு தெரியும்.

#11 – மலர்விழி (முன்பு 1098 களப்பணி)

குகன் அண்ணா, நம்மூரில் தடுமாறும் இடம் அதுதான். அதிகாரம் நலக் குழுவிடம், ஆவணம் பாதுகாப்பு அலகிடம், பிள்ளை இல்லத்திடம், பணம் தலைநகரத்திடம். சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர் எல்லாவற்றுக்கும் மேற்பார்வை. தத்து உத்தரவும் இப்போது நீதிமன்றத்தில் இல்லை, ஆட்சியரிடம்தான். ஆட்சியர் அக்கறை உள்ளவராக இருந்தால் மாதக் கூட்டத்தில் பெயர் பெயராகக் கேட்பார், வேலை நடக்கும். அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் நேரத்தில்தான் தவறிப்போகிறது. நான் பார்த்தவரை மீட்பில் தோற்றதைவிட மீட்புக்கு அப்புறம் தோற்றதுதான் அதிகம். குழந்தைத் திருமணத்தை நிறுத்திவிட்டு வருவோம், செய்தி வரும், பாராட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிறாளா என்று பார்ப்பது யார் வேலை என்று ஒருவருக்கும் தெரியாது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. பல ஊர்களில் அது பேருக்குத்தான் கூடுகிறது. வாத்தியார் சார், உங்கள் ஊரில் அந்தக் குழுவை உயிரோடு வைத்திருந்தாலே போதும். தலைமையாசிரியர்களாக இருந்தவர்கள் நீங்கள். எந்தப் பிள்ளை நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்று உங்களுக்கு உடனே தெரியும்.

#12 – செல்வி_தெற்கு

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. நிதி ஆதரவுத் திட்டம் என்று உண்டு. இல்லத்துப் பையன் தம்பி கேட்டது இதைத்தான். கணவனை இழந்த தாய், கைவிடப்பட்ட தாய், தீராத நோயில் இருக்கும் பெற்றோர், தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளை ஆகியோருக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், இரு பெற்றோரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குப் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய்.

பணம் இருக்கிறது, ஆனால் விண்ணப்பம் சரியாக வருவதில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லை, வருமானச் சான்று இல்லை, வங்கிக் கணக்கில் பெயர் வேறு மாதிரி. பாட்டிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியாது, வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நாலு தடவை போனால் ஒரு நாள் கூலி நாலு தடவை போகும். உங்கள் ஆசிரியர்கள் இந்தத் தாளை மட்டும் தயார் செய்து கொடுத்தால், இருபது பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குப் பதில் இருநூறு பிள்ளைகளை அவரவர் வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

#13 – கொடைரோடு வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. இல்லம் என்ற எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். சான்றிதழ் வேலை எங்களுக்குப் பழகிய வேலை, அதை இந்த மாதமே தொடங்கலாம். பாதுகாப்பு அலகு அலுவலரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம்.

ஆனால் வீட்டை எழுதிக் கொடுத்தவர், "பிள்ளைகள் இருக்கத்தானே கொடுத்தேன்" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

#14 – சேது வக்கீல்

சிறார் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவைப் பாருங்கள் ஐயா. 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருபவர்களுக்குப் பின்பராமரிப்பு. ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை குழுவாகத் தற்காலிகமாகத் தங்கும் வீடுகளை அந்தச் சட்டத்தின் மாதிரி விதிகளே சொல்கின்றன. பொதுவாக 21 வயது வரை, சில நேரங்களில் 23 வரை. உதவ முன்வரும் அமைப்புகளின் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும். அதில் உங்கள் அறக்கட்டளையைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இதற்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும், சொந்தமாக ஆள் சேர்க்காதீர்கள்.

#15 – இல்லத்துப் பையன்

வாத்தியார் ஐயா, இதைச் செய்யுங்கள். நான் வெளியே வந்த அன்று என்னிடம் மாற்றுச் சான்றிதழும் ஒரு பையும் இருந்தன. ரேஷன் கார்டில் பேர் இல்லை. ஆதாரில் இருந்தது இல்லத்து முகவரி. வீடு கேட்ட இடத்தில் எல்லாம் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்கள்.

தங்க வருகிறவர்களுக்கு முகவரிச் சான்று கிடைக்கிற மாதிரி ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். சமையல்காரர் வைக்காதீர்கள், அவர்களே சமைக்கட்டும். எங்களுக்கு அரிசி என்ன விலை என்றே தெரியாமல் வளர்த்துவிட்டார்கள். சுவரில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை வேண்டாம். வேலை போய்விட்டால் ஒன்றிரண்டு மாதம் வாடகை கேட்காமல் இருக்க முடியுமா என்று உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பு அலகுக்குப் போகும் நாளைச் சொன்னால் நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன். மதுரையில்தான் இருக்கிறேன்.